மாற்றியமைத்த பழைய கார்: அசலா, நகலா?

மாணவர்களே, இரண்டு கார்களை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். இரண்டும் 1971-இல் ஜப்பானில் தயாரான நிசான் ஸ்கைலைன் விளையாட்டுக் கார்கள். இரண்டுக்கும் இரண்டு கதவுகள், ஒரே வெள்ளி நிறம், முன்பக்கத்தில் ஒரே ‘ஜிடி-ஆர்’ சின்னம். எஞ்சின் மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் எஞ்சினும் ஒரே வகைதான். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. ஆனால், பழைய கார்களைச் சேகரிப்பவர்கள் ஒன்றுக்கு மற்றதைவிட மிக அதிக விலை கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். ஏன்?

விடை ஒரே ஓர் எழுத்தில் இருக்கிறது. ஒரு காரின் உடலில் பொறித்த எண் ‘கேபிஜிசி10’ என்று தொடங்குகிறது. மற்றதில் ‘கேஜிசி10’. நடுவில் ‘பி’ இல்லை.

ஓர் எழுத்தின் மதிப்பு

அந்த ‘பி’ என்ற எழுத்து, ‘எஸ்20’ என்னும் எஞ்சினைத் தொழிற்சாலையே பொருத்தி அனுப்பியதைக் குறிக்கிறது. எஸ்20 சாதாரண எஞ்சின் அல்ல. பந்தயக் காருக்காக வடிவமைத்த எஞ்சினிலிருந்து பிறந்தது. அதன் கொள்ளளவு 1,989 சிசி. ஆறு உருளைகளுக்கு மொத்தம் 24 வால்வுகள். அதே காலத்து சாதாரண ஸ்கைலைன் 2000 ஜிடி காரில் இருந்த ஆறு உருளை எஞ்சினுக்கு 12 வால்வுகள்தான். வால்வுகள் கூடும்போது காற்றும் எரிபொருளும் விரைவாக உள்ளே போய், புகை விரைவாக வெளியேறும். ஆகவே எஞ்சின் வேகமாகச் சுழல முடியும்.

சாதாரண 2000 ஜிடி காருக்கும் ஜிடி-ஆர் காருக்கும் உடல் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ஒருவர் சாதாரணக் காரை வாங்கி, அதில் எஸ்20 எஞ்சினைப் பொருத்தி, பின்சக்கர வளைவை வெட்டி அகலமாக்கி, சின்னத்தையும் ஒட்டிவிட்டால், கண்ணுக்கு அது ஜிடி-ஆர் ஆகிவிடும்.

இப்படி எஞ்சின் மாற்றுவது நம் நாட்டிலும் புதிதல்ல. ஜப்பானிலிருந்து பழைய கார்களின் முன்பாதியை அப்படியே இறக்கி விற்கும் ‘ஹாஃப்-கட்’ கடைகளை நீங்கள் பார்த்திருக்கலாம். அங்கிருந்து எஞ்சின் வாங்கிப் பொருத்துவது பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. மாற்றுவதில் தவறில்லை. மாற்றியதை மறைத்து, வேறொன்றின் பெயரில் விற்பதுதான் தவறு. ‘இது நான் கட்டிய நகல்’ என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வணிகம். அதே காரை ‘இது தொழிற்சாலை ஜிடி-ஆர்’ என்று விற்றால் அது மோசடி. கார் ஒன்றுதான். சொன்ன சொல்தான் வேறு.

அப்படியானால், ஒருவர் சொல்லும் சொல்லை உலோகத்திடமும் சாயத்திடமும் கேட்டுச் சரிபார்க்க முடியுமா? முடியும். அங்கேதான் நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலும் வேதியியலும் வேலைக்கு வருகின்றன.

அழித்த எண்ணும் பேசும்

மலேசியாவில் பழைய காரின் உரிமையை மாற்றும்போது, புஸ்பகோம் சோதனையில் எஞ்சின் எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் சரிபார்ப்பார்கள். நாம் ‘கிராண்ட்’ என்று சொல்லும் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். காரின் அடையாள அட்டை அந்த எண்தான். ஆகவே போலி செய்பவர் முதலில் கைவைப்பதும் அதில்தான். பழைய எண்ணை அரைத்துத் தேய்த்துவிட்டு, வேறோர் எண்ணைப் பொறிப்பார்.

ஆனால் இரும்பு எளிதில் மறப்பதில்லை. எஃகு என்பது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய படிகத் துகள்கள் நெருக்கமாகச் சேர்ந்த பொருள். எண்ணைப் பொறிக்க, கடினமான அச்சை வைத்து ஓங்கி அடிக்கிறார்கள். அப்போது நாம் பார்க்கும் பள்ளம் மட்டும் உண்டாவதில்லை. பள்ளத்துக்கு அடியில் உள்ள படிகத் துகள்களும் நசுங்கி நிரந்தரமாக உருமாறுகின்றன. மேலே தெரியும் எண்ணைத் தேய்த்துவிட்டாலும் அடியில் நசுங்கிய பகுதி அப்படியே இருக்கும்.

தடயவியல் ஆய்வாளர்கள் அந்த இடத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காப்பர் குளோரைடு கலந்த கரைசலைத் தடவுகிறார்கள். நசுங்கிய உலோகத்தில் கூடுதல் ஆற்றல் தேங்கியிருப்பதால், அது சுற்றியுள்ள உலோகத்திலிருந்து வேறுபட்ட வேகத்தில் கரைகிறது. அந்த வேறுபாடு கறுப்பும் வெளுப்புமாகத் தெரிய, பழைய எண் மெல்ல எழுந்து வருகிறது. நசுங்கிய பகுதி முழுவதும் போகும் அளவு ஆழமாக அரைத்துவிட்டால் மட்டுமே எண்ணை மீட்க முடியாது. ஆனால் அவ்வளவு ஆழமாக அரைத்த பள்ளமே சந்தேகத்தை எழுப்பிவிடும். (இந்த அமிலம் ஆபத்தானது. இது ஆய்வுக்கூட வல்லுநர்களின் வேலை. நீங்கள் முயல வேண்டாம்.)

அமிலம் இல்லாமலும் சில குறிப்புகள் கிடைக்கும். தொழிற்சாலை பயன்படுத்திய எண் அச்சுகளுக்கு ஒரு தனி வடிவம் உண்டு. ‘3’-இன் வளைவு, ‘7’-இன் சாய்வு, எண்களுக்கு இடையே உள்ள தூரம் ஆகியவற்றை, ஐயத்துக்கு இடமில்லாத இன்னொரு காரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கையெழுத்தை ஒப்பிடுவதைப் போன்றதுதான் இதுவும்.

சாயத்தின் அடுக்குகள்

அடுத்த சாட்சி சாயம். தொழிற்சாலையில் பூசிய சாயம், அடிப்பூச்சையும் சேர்த்து, பொதுவாக 100 மைக்ரோன் அளவில் இருக்கும். ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே 100 மைக்ரோன் என்பது 0.1 மில்லிமீட்டர். நீங்கள் எழுதும் ஒரு ஏ4 தாளின் தடிமன் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கார் எங்காவது மோதி நசுங்கியிருந்தால், பட்டறையில் அந்தப் பள்ளத்தைப் ‘பட்டி’ கொண்டு நிரப்பி, தேய்த்து, மேலே சாயம் பூசுவார்கள். வெளியே பளபளவென்று இருக்கும். ஆனால் தடிமன் மில்லிமீட்டர் கணக்கில் கூடிவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கைக்கு அடக்கமான கருவி ஒன்று இருக்கிறது. அதைக் காரின் மேல் வைத்தால் சாயத்தின் தடிமனை மைக்ரோனில் காட்டும்.

அது எப்படி வேலை செய்கிறது? கருவிக்குள் ஒரு கம்பிச்சுருள் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அருகில் எஃகு இருந்தால் அந்தப் புலம் வலுவாகும். இடையில் சாயமும் பட்டியும் தடிமனாக இருந்தால், கருவிக்கும் எஃகுக்கும் உள்ள தூரம் கூடும். புலத்தில் ஏற்படும் மாற்றம் குறையும். அந்த மாற்றத்தை அளந்து, கருவி தடிமனைக் கணக்கிடுகிறது. சில விளையாட்டுக் கார்களின் உடல் அலுமினியத்தால் ஆனது. அலுமினியத்தைக் காந்தம் ஈர்க்காது. அதற்கு வேறொரு வழி உண்டு. மாறும் காந்தப்புலத்தை அலுமினியத்தின் அருகே கொண்டுபோனால், உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அந்த மின்னோட்டத்தின் வலிமையும் தூரத்துக்கு ஏற்ப மாறும்.

தடிமன் மட்டும் அல்ல, அடுக்குகளும் கதை சொல்லும். சாயத்தின் ஒரு சிறு துணுக்கை எடுத்து, அதன் வெட்டுமுகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தின் வளையங்களைப்போல் அடுக்குகள் தெரியும். அடியில் அடிப்பூச்சு, அதன்மேல் முதல் நிறம், பிறகு ஒவ்வொரு மறுபூச்சும். ‘பிறந்தது முதல் சிவப்பு’ என்று சொல்லப்படும் காரின் அடியடுக்கு நீலமாக இருந்தால், அந்தச் சொல் பொய் என்று புரிந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒருவர் தம் காரைப் புதிதுபோல் ஆக்க ஆசைப்பட்டு, சாயம் முழுவதையும் உலோகம் தெரியும்வரை சுரண்டி எடுத்துவிட்டால், கார் அழகாகும். ஆனால் அந்தச் சாட்சி அத்தனையும் குப்பைக்குப் போய்விடும். பிறகு அந்தக் கார் உண்மையான ஜிடி-ஆராகவே இருந்தாலும் நிரூபிப்பது கடினம். அதனால்தான் தேய்ந்த சாயத்தோடு இருக்கும் பழைய காரைச் சேகரிப்பாளர்கள் சிலர் அதிகம் விரும்புகிறார்கள். அழகை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். அழித்த சான்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பற்றவைப்பும் முலாமும்

தொழிற்சாலையில் எஃகுத் தகடுகளை இணைக்கப் புள்ளிப் பற்றவைப்பு பயன்படுகிறது. இரண்டு செம்பு முனைகள் தகடுகளை இருபுறமும் அழுத்த, அவற்றின் வழியே பெரும் மின்னோட்டம் பாய்கிறது. தகடுகள் தொடும் இடத்தில் மின்தடையால் வெப்பம் பிறந்து உலோகம் உருகி ஒட்டுகிறது. அதன் அடையாளமாகச் சிறு வட்டக் குழிகள் ஓரளவு சீரான இடைவெளியில் வரிசையாகத் தெரியும். பிற்காலத்தில் பட்டறையில் கையால் பற்றவைத்த இடம் மேடும் பள்ளமுமாக, வேறு தோற்றத்தில் இருக்கும். பின்சக்கர வளைவின் உட்பக்கத்தை விளக்கடித்துப் பார்த்தால், அது எங்கே உருவானது என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

முலாமும் காலத்தைக் காட்டும். கார்களில் பளபளக்கும் குரோமிய முலாம் 1920-களின் பிற்பகுதியில்தான் பரவியது. அதற்கு முன் நிக்கல் முலாம்தான் வழக்கம். எக்ஸ்-கதிரை ஒரு பொருளின் மேல் செலுத்தினால், அதில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுள்ள எக்ஸ்-கதிரைத் திருப்பி உமிழும். அதை அளந்து, பொருளைச் சுரண்டாமலே என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று அறியலாம். ‘1922 முதல் தொடாத முலாம்’ என்று விற்பவர் சொல்லும் இடத்தில் குரோமியம் அகப்பட்டால், முலாம் பிற்காலத்தது.

ஒரு சான்று போதாது

ஆனால் எந்தச் சோதனையும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. புதுச் சாயம் மோசடியின் அடையாளம் அல்ல. ஐம்பது ஆண்டுக் காரில் அது இயல்பு. பழைய முலாம் மட்டும் காரை அசலாக்கிவிடாது. பழைய பாகத்தைக் கடையில் வாங்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக, ஒரு போலிக் கார் ஒரு சோதனையில் தப்பிவிட ஐந்தில் ஒரு வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றையொன்று சாராத நான்கு சோதனைகள் செய்தால், நான்கிலும் தப்ப உள்ள வாய்ப்பு ஐந்தில் ஒன்றை நான்கு முறை பெருக்கினால் கிடைக்கும். அதாவது 625-இல் 1. எளிய சோதனைகள் சேர்ந்து வலுவான சான்றாகிவிடுகின்றன.

‘ஒன்றையொன்று சாராத’ என்ற சொல்லை மறக்காதீர்கள். எண் தகடு, சின்னம், பழைய விற்பனை ரசீது மூன்றையும் ஒரே ஆள் ஒரே வாரத்தில் செய்திருக்க முடியும். அப்போது அவை மூன்று சான்றுகள் அல்ல, ஒன்றுதான். வெவ்வேறு இடத்திலிருந்து வரும் சான்றுகள் வேண்டும்: உலோகம், சாயம், தொழிற்சாலைப் பதிவேடு, பழைய புகைப்படம். எல்லாம் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம்.

எல்லாப் பாகமும் மாறிவிட்டால்?

இப்போது கடினமான கேள்விக்கு வருவோம். கார் உண்மையானதுதான், ஆனால் காலப்போக்கில் அதன் பாகங்கள் ஒவ்வொன்றாக மாறிவிட்டன. அது இன்னும் அதே காரா?

இந்தக் கேள்வி 1990-இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்துக்கே போனது. வழக்கில் சிக்கியது ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர்பெற்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் பந்தயக் கார். பிரான்சில் நடக்கும் லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் வென்ற கார் அது. பந்தயங்களுக்கு இடையில் அதன் பாகங்களை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பந்தயக் காருக்கு அதுதான் வாழ்க்கை. 1932-இல் 8 லிட்டர் எஞ்சினோடு இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் ஓடியபோது, கார் சரிவான வளைவின் விளிம்பைத் தாண்டிப் போனது. ஓட்டுநர் கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். பிறகு அந்தக் காரை மூடிய கூரையுள்ள காராகத் திரும்பக் கட்டினார்கள். பல ஆண்டுகள் கழித்து, அந்த உடலையும் எடுத்துவிட்டு, லீ மான்ஸ் காலத்து உடலைப் போன்ற ஒன்றைப் புதிதாகப் பொருத்தினார்கள்.

1990-இல் அதை 10 மில்லியன் பவுண்டு மதிப்பில் வாங்க ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிறகு ‘இது உண்மையான ஓல்டு நம்பர் ஒன் அல்ல’ என்று சொல்லிப் பின்வாங்கியது. உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றத்தில் பாகம் பாகமாக அலசினார்கள். 1929-இல் வென்ற காரிலிருந்து, காலத்தைக் கணிக்க முடியாத சில சிறு பொருள்களைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. 1930-ஆம் ஆண்டுக் காரிலிருந்து பெடல் தண்டு, கியர்பெட்டியின் உறை, ஸ்டியரிங் தண்டு ஆகியவைதாம் இருந்தன. அடிச்சட்டமும் எஞ்சினும் 1932-ஆம் ஆண்டு நிலையைச் சேர்ந்தவை.

நீங்கள் நீதிபதியாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

நீதிபதி ஓட்டன் உரிமையாளரின் பக்கம் தீர்ப்பளித்தார். காரின் பாகங்கள் முதலில் இருந்தவை அல்ல என்பதை அவர் ஏற்றார். ஆனால் பாகங்கள் ஒரேயடியாக மாறவில்லை. ஓடிக்கொண்டிருந்த காருக்குள் சிறுகச் சிறுக வந்து சேர்ந்தன. எந்தக் கட்டத்திலும் கார் தன் அடையாளத்தை இழக்கவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கோரக்கூடிய வேறு காரும் உலகில் இல்லை. ஆகவே ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பெயர் அதற்கே உரியது என்றார்.

உங்கள் உடலையே எண்ணிப் பாருங்கள். உங்கள் இரத்தத்தில் உள்ள ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்தான் வாழும். போன ஆண்டு உங்களுக்குள் ஓடிய சிவப்பணுக்கள் இன்று இல்லை. ஆனாலும் நீங்கள் நீங்கள்தான். பொருள் மாறினாலும் தொடர்ச்சி அறுபடவில்லை.

இந்தத் தீர்ப்பிலிருந்து இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். ‘முதலில் இருந்த பாகங்களே இருக்கின்றனவா?’ என்பது ஒரு கேள்வி. அதற்கு உலோகமும் சாயமும் விடை சொல்லும். ‘இது அந்தக் கார்தானா?’ என்பது வேறு கேள்வி. அதற்கு அறுபடாத வரலாறு விடை சொல்லும். நம் கதையின் தொடக்கத்தில் வந்த கேஜிசி10 காருக்கு எஸ்20 எஞ்சின் வந்தது. ஆனால் ஜிடி-ஆராகப் பிறந்த வரலாறு அதற்கு இல்லை. பென்ட்லிக்குப் பழைய பாகங்கள் போயின. வரலாறு போகவில்லை.

எந்த மாற்றம் விலையைக் குறைக்கும்?

ஆகவே, மாற்றியமைத்த ஒரு பழைய காரை மதிப்பிடுபவர் நான்கு கேள்விகளைக் கேட்பார்.

முதலாவது, மாற்றத்தைத் திருப்ப முடியுமா? வேறு சக்கரம் போட்டால் கழற்றிவிடலாம். உடலை வெட்டினால் ஒட்ட முடியாது. கழற்றிய பழைய பாகங்களைப் பெட்டியில் பத்திரப்படுத்தியவர் புத்திசாலி.

இரண்டாவது, மாற்றம் எப்போது நடந்தது, யார் செய்தார்? சில நேரம் மாற்றமே சரித்திரமாகிவிடும். 1959-இல் வந்த மினி ஒரு சிறிய குடும்பக் கார். பந்தயக் கார் தயாரிப்பாளர் ஜான் கூப்பர் அதன் ஆற்றலைக் கூட்ட, 1961-இல் ‘மினி கூப்பர்’ பிறந்தது. அந்த வகைக் கார்கள் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மோண்டே கார்லோ ராலியை வென்றன.

மூன்றாவது, எழுத்துச் சான்று இருக்கிறதா? தேதியோடு கூடிய ரசீதும் புகைப்படமும் இருந்தால், மாற்றம் மர்மமாக இல்லாமல் வரலாறாகிறது.

நான்காவது, விற்பவர் சொல்வதும் கார் சொல்வதும் ஒன்றா? முதல் மூன்றிலும் குறை இருந்தால் விலை குறையும். நான்காவதில் குறை இருந்தால் நம்பிக்கையே போய்விடும்.

நீங்களே செய்து பாருங்கள்

சாயத் தடிமனை அளக்கும் கருவியின் தத்துவத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு சிறு காந்தம், சில ஏ4 தாள்கள், எஃகால் ஆன குளிர்பதனப் பெட்டிக் கதவு இருந்தால் போதும்.

காந்தத்துக்கும் கதவுக்கும் இடையில் முதலில் ஒரு தாளை வையுங்கள். பிறகு இரண்டு, மூன்று என்று கூட்டுங்கள். எத்தனையாவது தாளில் காந்தம் வழுக்கிக் கீழே விழுகிறது? ஒவ்வொரு தாளும் 0.1 மில்லிமீட்டர் என்றால், அந்தத் தடிமனைக் கணக்கிடுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். வலிமை வேறுபட்ட இன்னொரு காந்தத்தைக் கொண்டு மறுபடி செய்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

அடுத்து, வீட்டில் உள்ள பழைய சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கியபோது இருந்த பாகங்கள், பிறகு மாற்றிய பாகங்கள், உறுதியாகச் சொல்ல முடியாத பாகங்கள் என்று மூன்று பட்டியல்கள் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே, ‘எனக்கு இது எப்படித் தெரியும்?’ என்று ஒரு வரி எழுதுங்கள். பெரியவர்கள் சொன்னதா, கண்ணால் பார்த்ததா, ரசீது இருக்கிறதா? எந்தப் பட்டியல் நீளமாக வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவதுதான். பல மில்லியன் மதிப்புள்ள காரை ஆராய்பவரும் இதே மூன்று பட்டியல்களோடுதான் வேலையைத் தொடங்குகிறார். மூன்றாவது பட்டியலைச் சான்று காட்டிச் சுருக்கிக்கொண்டே போவதுதான் அவருடைய வேலை.